கறுப்புப் பொட்டு ஒட்டிய பட்டன்

எனக்கு நாற்பத்தாறு வயது. என் வலது கைக்கு அதைவிடக் கூடுதல் இருக்கும். காலையில் எழுந்ததும் அதைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்துச் சமாதானப்படுத்த வேண்டும். அப்புறமும் தலை வாரிக்கொள்ள வராது. தங்கைதான் வாரிப் பின்னிவிடுவாள். அவள் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு வீட்டில் முப்பத்தொன்றாவதாக நான். வீட்டில் நாங்கள் இருவர்தான். இரண்டு பேருக்கும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதை இங்கேயும் எழுதுவதாக இல்லை. பூர்வீகம் ஆவூர்ப் பக்கம். அம்மாவும் அப்பாவும் கல்லறைத் தோட்டத்துக்குப் போன பிறகு புதுக்கோட்டை டவுனில் வாடகைக்கு வந்துவிட்டோம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பத்தொன்பது வருஷமாக டிசைனர் வேலை. காதுகுத்து, கல்யாணம், பூப்பு நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. மனிதனுக்கு என்ன நடந்தாலும் எங்கள் கடை வழியாகத்தான் நடக்க வேண்டும். திருமயத்தில் யார் வீட்டுப் பெண் பெரியவளானாள், குடுமியான்மலையில் யார் மண்டையைப் போட்டார் என்பதெல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்கு முன்னால் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன. அடுத்த பேனர் காத்திருக்கும்.

வேலையை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது உட்கார்ந்த இடத்து வேலை. ஒரு காதுகுத்துப் பேனரில் நாற்பது முகம் வரும். தாய்மாமன் வகையறா ஒரு பக்கம், பங்காளிகள் ஒரு பக்கம், பேரப்பிள்ளைகள் அடியில் வரிசையாக. ஒவ்வொரு முகத்தையும் போட்டோவிலிருந்து மவுசால் ஓரம் பார்த்துக் கத்தரிக்க வேண்டும். பிறகு வெளுக்க வைக்க வேண்டும். தோலைத் துடைக்க வேண்டும். வட்டத்துக்குள் உட்கார வைத்துத் தங்க வளையம் போட வேண்டும். பேரை அடிக்க வேண்டும். ஒரு முகத்துக்கு நூறு கிளிக் என்றால் ஒரு பேனருக்கு எத்தனை என்று நான் கணக்குப் போட்டதில்லை. கை போட்டு வைத்திருந்தது.

டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைவிரலை மடக்கினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"நரம்பு நல்லா வீங்கிருக்கும்மா. கைக்கு ரெஸ்ட் குடுக்கணும். இல்லைன்னா ஆப்பரேஷன்தான். அதுக்கப்புறம் மவுஸ் பிடிக்க முடியுமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

ரெஸ்ட் என்பதை அவர் மாத்திரை மாதிரி எழுதிக் கொடுத்தார். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதவில்லை. எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். இந்தக் கை நின்றால் வீட்டில் பாதி நின்றுவிடும். தங்கை சம்பளத்தில் வாடகைக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. தோல்பட்டை ஒன்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மறுநாள் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சிலுவை போடும்போதுகூட வலித்தது. பாதிச் சிலுவையோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எதிர் வரிசையில் இருந்த பிரவுசிங் சென்டரை மூடினார்கள். கம்ப்யூட்டரில் சண்டை போட்டு விளையாடுவதற்கென்றே அங்கே ஒரு கும்பல் வரும். எல்லாருக்கும் கையிலேயே போன் வந்தபின் கும்பல் கரைந்துவிட்டது. அதை நடத்தியவர் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கப் போன என் கண்ணில் ஒரு சின்னக் கருவி பட்டது. கீபோர்டில் இடது பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்த மாதிரி, உள்ளங்கை பதிய ஒரு மேடு, அதற்கு மேல் இருபது பட்டன். ஒவ்வொரு பட்டனுக்கும் நாம் சொல்கிற வேலையைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றார். ஒரு தடவை அழுத்தினால் ஐம்பது கட்டளையை அதுவே வரிசையாகச் செய்யும்.

"கேம் ஆடுறவங்க வாங்குறது, அக்கா. ஒரு பட்டனை அமுக்குனா சுடும், இன்னொண்ணை அமுக்குனா குதிக்கும். டிசைன் வேலைக்கு இதை வச்சு என்ன பண்ணுவீங்க?"

"இடது கை சும்மாதானே தம்பி இருக்கு. அதுவும் கொஞ்சம் ஒழைக்கட்டும்."

வாங்கிவந்து பட்டன்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் பிடித்தது. கடையில் வேலை இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது, அதனால் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தேன். ஒரு கையில் தயிர்சாதக் கரண்டி, ஒரு கை பட்டனில். எந்தப் பட்டன் எதற்கு என்று மறந்துபோகாமலிருக்க தங்கையின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்து ஒட்டினேன். பச்சைப் பொட்டு எழுத்துக்குப் பார்டர். மஞ்சள் பொட்டு பூக்கோலம். முக்கியமானவை இரண்டு. சிவப்புப் பொட்டு உயிரோடு இருக்கிறவர்களுக்கு. அதை அமுக்கினால் முகம் தானே கத்தரித்துக்கொண்டு, வெளுத்து, துடைத்துவிட்ட மாதிரி ஆகி, தங்க வளையத்துக்குள் போய் உட்காரும். அதற்குப் பக்கத்தில் கறுப்புப் பொட்டு. அது இறந்தவர்களுக்கு. முகத்தை அதுவும் அப்படியேதான் வெளுத்துத் துடைக்கும்.

எங்கள் பக்கம் எந்த நல்ல காரியத்துக்குப் பேனர் அடித்தாலும் வீட்டில் இறந்துபோனவர்களுக்கு உச்சியில் இடம் உண்டு. அவர்களுக்குத் தங்க வளையம் கிடையாது. ரோஜா மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தெய்வத்திரு இன்னார். கிறிஸ்தவர் என்றால் குத்துவிளக்குக்குப் பதிலாக மெழுகுவத்தி. யாருக்கு வளையம், யாருக்கு மாலை என்பதைச் சாதாரணமாக வாடிக்கைக்காரர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எழுதாவிட்டாலும் போட்டோவைப் பார்த்தால் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் மாதம் சொர்க்கம். அன்றன்றைக்குப் பேனர்கள் எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தன. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் டக் டக்கென்று அமுக்கினேன். வீக்கம் வடிந்தது. ஒரு நாள் காலையில் நானே தலை வாரிக்கொண்டேன். தங்கை நம்பாமல் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் மிச்சமான நேரத்தை அவருக்குக் காட்டியது என் முட்டாள்தனம். அறந்தாங்கியில் ஒரு ஏஜெண்டைப் பிடித்தார், மணமேல்குடியில் இன்னொருவரைப் பிடித்தார். ஒரு நாளைக்கு ஆறு பேனர் என்பது பதினான்கு ஆனது. நூறு கிளிக்கைக் குறைக்கத்தான் அந்தக் கருவியை வாங்கினேன். முகங்கள் இரண்டு மடங்குக்கு மேல் ஆனதில் மிச்சம் இருந்த கிளிக்கே பழைய அளவுக்கு வந்து நின்றது. கை மறுபடி வலிக்க ஆரம்பித்தது. இப்போது இடது கையும் லேசாக. அந்தக் கருவியும் இல்லாவிட்டால் பதினான்கு பேனரையும் வலது கைதான் இழுக்க வேண்டும் என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது.

முகத்தைப் பார்ப்பது எப்போது நின்றது என்று தெரியவில்லை. வாட்ஸப்பில் வருகிற படங்களை ஒரே வரிசையில் இறக்கிவைத்துக்கொண்டு சிவப்பு, சிவப்பு, சிவப்பு, கறுப்பு என்று போவேன். காதில் எஃப்எம் ஓடும்.

மணமேல்குடிப் பேனர் அப்படி வந்ததுதான். கடலுக்குப் போகிற குடும்பம். புது வீடு கட்டி, ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். மூத்த மகன் படங்களை அனுப்பியிருந்தார். அப்பா படமும் அம்மா படமும் சுவரில் மாட்டியிருந்த சட்டம் போட்ட படங்கள். அவற்றைப் போனால் எடுத்து அனுப்பியிருந்தார். கண்ணாடியில் டியூப்லைட் குறுக்கே அடித்திருந்தது. ஒன்றின் மேல் ஆணியில் காய்ந்த மாலை தொங்கியது. இன்னொன்று அதை ஒட்டியே இருந்தது. எங்கள் ஊரில் வயதானவர்களின் படத்தைச் சட்டம் போட்டு ஜோடியாகச் சுவரில் மாட்டியிருந்தால் இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று அர்த்தம். நான் கறுப்பை இரண்டு தடவை அமுக்கினேன். டியூப்லைட் கோட்டையும் பட்டனே அழித்துக் கொடுத்தது.

மாதிரியை மகனுக்கு அனுப்பினேன். அரை நிமிடத்தில் 'சூப்பர்க்கா ஓகே' என்று வந்தது. அச்சடித்து, சுருட்டி, வெள்ளிக்கிழமை மத்தியானம் மணமேல்குடி பஸ்சில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போட்டு, வண்டி நம்பரை அவருக்கு அனுப்பினோம். எல்லா வெளியூர்ப் பேனரும் அப்படித்தான் போகும். அவர்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று இறக்கிக்கொள்வார்கள்.

சனிக்கிழமை காலை கடை திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? எங்க ஆத்தா உசுரோட இருக்காங்கக்கா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஃபைலைத் திறந்து பார்த்ததும் புரிந்தது. புது வீட்டு வாசலில், பால் காய்ச்சுவதற்கு முதல் நாள், உயிரோடு இருக்கிற தாய்க்கு மாலை போட்டு விளக்கேற்றி நிறுத்தியிருக்கிறேன். சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்களாம். அபசகுனம் என்று ஒரு சித்தப்பா சாமியாடாத குறையாக நிற்கிறாராம்.

முதலாளி முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கத்தவில்லை. அவர் கத்தினால் சர்க்கரை ஏறும் என்று அவருக்கே பயம்.

"புதுசா அடிச்சு நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துரும்மா. பொம்பளை போனா அங்கிட்டு ரொம்பப் பேச மாட்டாங்க. மெஷின் கோளாறுன்னு சொல்லிரு." கதவு வரை போனவர் திரும்பினார். "அவங்க சமாதானமாகலைன்னா அந்த வெளையாட்டுச் சாமானைத் தூக்கிக் கடாசிருவேன். பழையபடி மவுசுலயே செய்யி."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். மவுசில் பதினான்கு பேனர் என்றால் என் கைக்கு எத்தனை மாதம் என்று எனக்குத்தான் தெரியும். அந்தப் பெரியம்மா மனம் ஆறுவதில்தான் என் கை இருந்தது.

கறுப்பை எடுத்துவிட்டுச் சிவப்பை அமுக்கினேன். மாலை போய் வளையம் வந்தது. பத்தே நிமிடம். மடியில் பேனர் ரோலை நிறுத்திக்கொண்டு, அறந்தாங்கி வழியாக ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் 'மெஷின் கோளாறுங்க' என்பதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கொஞ்சம் தூங்கியும் போனேன். அவ்வளவு பதற்றத்திலும் தூக்கம் வந்ததுதான் எனக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். புதுப் பெயிண்ட் வாசமும் கருவாட்டு வாசமும் சேர்ந்து அடித்தன. பழைய பேனரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுருட்டிப் போட்டிருந்தது தெரிந்தது. அந்தம்மா கட்டிலில் படுத்து அழுதுகொண்டிருப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எழுபது இருக்கும். மகன் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"நீதான் எனக்கு மாலை போட்டவளா?"

"ஆமாங்க ஆத்தா. தப்பு நடந்துபோச்சு."

"மெஷின் கோளாறாம் ஆத்தா" என்று மகனே எனக்காக எடுத்துக் கொடுத்தார். முதலாளி அவரிடமும் போனில் சொல்லியிருக்க வேண்டும்.

"மெஷினா எனக்கு மாலை போட்டுச்சு?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அந்தம்மா உரித்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. உண்மையில் அது நேர்மையெல்லாம் இல்லை, அலுப்பு.

"இல்லைங்க ஆத்தா. நான்தான் போட்டேன். சட்டம் போட்ட படமா இருந்துச்சு, ரெண்டு பேரும் இல்லைன்னு நெனச்சுட்டேன்."

"மொகத்தைப் பாக்கலையா?"

"பாக்கலைங்க."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "ஒனக்குப் போன்ல அனுப்பிக் கேட்டாங்களாமே. நீ பாத்தியாப்பா?"

"பாத்துட்டுத்தான் ஆத்தா ஓகே போட்டேன். பந்தல்காரன் ஒரு பக்கம், சமையக்காரன் ஒரு பக்கம்..."

"பேரன் பேத்தி பேரெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஒம் போட்டோ பெருசா இருந்துச்சு. அதெல்லாம் பாத்திருக்க."

மகன் குனிந்து வெங்காயத் தட்டை இங்கிட்டு நகர்த்தி வைத்தார். நகர்த்த வேண்டிய தேவை இல்லை.

"நான்தான் மொதல்ல பாத்தேன்" என்று அந்தம்மா என்னிடம் சொன்னார். கோபம் இல்லாமல், நடந்ததைச் சொல்கிற தொனியில்தான் சொன்னார். "பந்தக்காரன் ராத்திரியே கட்டிட்டுப் போயிருக்கான். வெள்ளனத்துல வாசத் தெளிக்க வந்தேன். அவரு பக்கத்துல நான் மாலையோட நிக்கிறேன். கையைக் கிள்ளிப் பாத்துக்கிட்டேன், நெசமாவே போயிட்டனோன்னு. அப்பறம் உள்ள போயி காப்பி போட்டேன். இவன் எந்திரிச்சு வந்து பாப்பான், சத்தம் போடுவான்னு ஒக்காந்திருந்தேன். எந்திரிச்சு வந்தான், அதுக்குக் கீழயே நின்னு பல்லு வெளக்குனான். சம்பந்தி வந்து சொன்னப்பறம்தான் அவனுக்குத் தெரிஞ்சுது."

நான் ரோலைப் பிரித்தேன். இரண்டு ஆட்கள் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தார்கள். "இப்பச் சரி", "இப்பத்தான் லட்சணமா இருக்கு" என்று நாலு குரல் வந்தது. எனக்கு மூச்சு வந்தது. அந்தம்மா முட்டியில் கை ஊன்றி எழுந்து கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"இது யாரு?"

"நீங்கதாங்க ஆத்தா."

"நானா? என் மரு எங்க?"

இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். மிளகு அளவுக்கு ஒரு மரு இருந்தது. சிவப்புப் பட்டன் அதைத் துடைத்திருந்தது. துடைக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

"மாலைய எடுத்த, சரி. மொகத்தையும் சேத்து எடுத்துட்டியே."

பந்தலில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் விஷயம் முடிந்துவிட்டது, என் கருவியும் பிழைத்தது. எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தேன். வலது கண்ணில் பால் படர்ந்திருந்தது. ஒரு காது மடல் கிழிந்து, தோடு மேலே தள்ளிக் குத்தியிருந்தது. உப்புக் காற்றில் கறுத்த நெற்றி. என் பேனரில் வேறு யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி வளையத்துக்குள் இருந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போ. எலையைப் போடுங்கப்பா" என்றார்.

பரவாயில்லை, போகட்டும் என்று ஒரு வார்த்தை கடைசி வரை அவர் சொல்லவில்லை. சோற்றைப் பிசைய ஆரம்பித்ததும் கட்டைவிரலில் சுருக்கென்று இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிசைந்தேன். நாலு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்த அந்தம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏப்பா, ஒரு கரண்டி கொண்டாந்து குடு. அந்தப் புள்ளைக்குக் கை முடியலை."

நான் தோல்பட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தேன். கையைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஒரு கண்ணில் பால் விழுந்த மனுஷி பார்த்துவிட்டார். கரண்டியால் சாப்பிட்டேன். மீன் குழம்பு நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை கடைக்குப் போனதும் சிவப்புப் பட்டனிலிருந்து தோல் துடைக்கிற வேலையை எடுத்துவிட்டேன். அந்த வீரம் மூன்று நாள் இருந்தது. "ஏங்க, எம்புட்டுக் கறுப்பா இருக்கு", "எம் மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம், பருவெல்லாம் தெரியுது" என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். முதலாளி பழையபடி மாற்றச் சொன்னார். மாற்றினேன். சம்பளம் வாங்குகிறவள் எத்தனை நாளைக்கு முறைத்துக்கொண்டு இருக்க முடியும். கறுப்புப் பட்டனை மட்டும் கேட்காமல் அமுக்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். "ஐயா இருக்காங்களா?" என்று போன் போட்டுக் கேட்பேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். கேட்டுவிட்டுத்தான் அமுக்கினேன்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு மத்தியானம், அதே மகன் கூப்பிட்டார்.

"ஆத்தா தவறிட்டாங்கக்கா. காலையில."

எப்படி என்று கேட்டேன். நெஞ்சுவலியாம். பக்கத்தில் யாரோ ஐஸ் பெட்டி வந்துவிட்டது என்று சத்தம் போடுவது கேட்டது.

"கண்ணீர் அஞ்சலி ஒண்ணு வேணும்க்கா. அந்தப் பழைய டிசைன் இருக்கும்ல, மாலையெல்லாம் போட்டது. அதுலேருந்து ஆத்தா படத்தை மட்டும் எடுத்து, பேரு தேதி போட்டு அனுப்பிருங்க. ரெண்டு நிமிச வேலைதானே. நாலு மணி பஸ்சுல போட்டுவிட்டாப் போதும்."

அவர் சொன்னது சரிதான். ஃபைல் இருந்தது. திறந்து பார்த்தேன். ரோஜா மாலை, இரண்டு குத்துவிளக்கு, தெய்வத்திரு என்ற எழுத்துக்கூட இருந்தது. உண்மையிலேயே இரண்டு நிமிட வேலை. அந்த வாரம் கை மிக மோசமாக இருந்தது. டாக்டர் ஆப்பரேஷனுக்கு நாள் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார், நான் அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிட வேலை என்பதைவிட நல்ல சேதி எனக்கு அன்றைக்கு வந்திருக்க முடியாது.

ஆனால் அந்த ஃபைலில் இருந்தவர் அவர் இல்லை. மரு இல்லாத யாரோ.

பழைய வாட்ஸப்பைத் தேடி, சட்டம் போட்ட அந்த முதல் படத்தை இறக்கினேன். கருவியின் வயரைப் பிடுங்கி மேசைக்கு அடியில் வைத்தேன். வைக்காவிட்டால் பழக்கத்தில் இடது கை தானாகப் போய்விடும். தோல்பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மவுசைப் பிடித்தேன். நெற்றிக்குக் குறுக்கே அடித்திருந்த டியூப்லைட் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். பட்டன் என்றால் வெள்ளையாக மெழுகிவிடும். நான் பக்கத்துச் சுருக்கங்களைப் பார்த்துப் பார்த்து இழுத்தேன். அவர் நெற்றியில் மூன்று கோடு, நடுக்கோடு பாதியில் விட்டுப்போகும். பந்தலில் பார்த்தது நினைவிருந்தது. கிழிந்த காதை அப்படியே விட்டேன். பால் படர்ந்த கண்ணை விட்டேன். மருவைத் தொடவே இல்லை. மாலையைப் பூப் பூவாகக் கோக்க முடியாது, அதை மட்டும் பழைய ஃபைலிலிருந்து எடுத்துக்கொண்டேன். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் கட்டைவிரல் மரத்து, கிளிக் விழுகிறதா இல்லையா என்று திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மாதிரியை அனுப்பினேன். பதில் வந்தது.

'அக்கா ஆத்தா ரொம்ப கறுப்பா இருக்காங்களே. கொஞ்சம் வெளுப்பாக்கி அனுப்புங்க. நாலு பேர் பாக்குறது.'

எனக்குக் கோபம் வந்தது. உன் ஆத்தா கறுப்புதானய்யா என்று அடிக்கக்கூட ஆரம்பித்தேன். பிறகு அழித்தேன். தாயை இழந்த மனுஷன், ஐஸ் பெட்டிக்கும் பறைக்காரருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறான். அவனிடம் போய் என்ன சண்டை. மேசைக்கு அடியில் கை விட்டால் கருவி இருக்கிறது. வயரைச் சொருகிச் சிவப்பை ஒரு தடவை அமுக்கினால் போதும். நாலு மணி பஸ்சுக்கு அச்சடிக்க அரை மணி நேரம்தான் இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்து "முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். முகம் கழுவினேன். மறுபடி வந்து உட்கார்ந்து, அதே படத்தை, ஒரு புள்ளி மாற்றாமல், இன்னொரு தடவை அனுப்பினேன். 'இப்பப் பாருங்க தம்பி' என்று கீழே எழுதினேன்.

நீலக் குறி விழுந்த அடுத்த நொடி பதில் வந்துவிட்டது.

'இப்ப சூப்பர்க்கா. ஓகே.'

அச்சடித்து, சுருட்டி, பஸ்சில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நானே கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் காலை கை வெந்நீருக்கும் மசியவில்லை. டம்ளரைப் பிடிக்க முடியாமல் தரையில் காப்பி கொட்டியது. கடைக்கு வரவில்லை என்று போன் போட்டேன், ஏன் என்று சொல்லவில்லை. தங்கை தலை வாரிவிட்டபடியே குனிந்து என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"என்னக்கா இப்படி வீங்கிக் கெடக்கு. நேத்து அப்படி என்னதான் வேலை செஞ்ச?"

"ஒரு ஆத்தாவுக்கு மாலை போட்டேன்" என்றேன்.